கேரம் ஆடும் ரோபோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கேரம் ரோபோ நிற்கிறது. ரோபோ என்றதும் கை, கால், கண் சிமிட்டும் முகம் என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள். அலுமினியச் சட்டம், அதில் இடமும் வலமும் ஓடும் ஒரு வண்டி, வண்டியில் ஒரு ஸ்பிரிங், மேலே ஒரு கேமரா, பக்கத்தில் பழைய லேப்டாப். அவ்வளவுதான். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது சரியாக என்ன செய்யும்?

எதிரில் நீங்கள் உட்கார்ந்து ஆடுவீர்கள். உங்கள் முறை முடிந்ததும் ஸ்ட்ரைக்கரை ரோபோவின் கவட்டையில் வைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அது போர்டைப் படம் எடுத்து, எந்தக் காயை எந்தக் குழிக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு, ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் நகர்த்தி, திரும்பி, அடிக்கும். காய் விழுந்தால் இன்னொரு முறை. விழுந்த காயை எடுப்பது, பவுடர் போடுவது, மைனஸ் ஆனால் (ஸ்ட்ரைக்கரே குழியில் விழுந்தால்) காயைத் திருப்பி வைப்பது எல்லாம் மனித வேலை. நம்மை வேலைக்காரனாக்கி வைத்திருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை.

செஸ் ரோபோ செய்திருக்கலாமே? அதுதானே எல்லாரும் செய்கிறார்கள்?

அதனால்தான் செய்யவில்லை. செஸ்ஸில் மூளை வேலை முழுக்க இன்று இலவசமாகக் கிடைக்கிறது, ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரலை இறக்கி வைத்தால் உலகத்தில் யாரையும் அது தோற்கடிக்கும். கை வேலையும் அத்தனை நுட்பமில்லை, ஐந்து செ.மீ. கட்டத்துக்குள் காயை அரை செ.மீ. தள்ளி வைத்தாலும் ஆட்டம் ஓடும். 1912-இலேயே ஸ்பெயின்காரர் டோரஸ் கெவேதோ, ஒரு ராஜாவையும் ஒரு யானையையும் வைத்துக்கொண்டு எதிராளியின் ஒற்றை ராஜாவை மடக்கும் மின் இயந்திரம் செய்துவிட்டார். அதற்கும் முன்னால், 1770-இல் வியன்னாவில் கெம்பெலன் காட்டிய துருக்கியப் பொம்மை பல வருடம் ஊரை வாய் பிளக்க வைத்தது. அதன் பெட்டிக்குள் ஒரு ஆள் ஒளிந்திருந்தார் என்பது வேறு கதை. 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினிக்குக் கையே கிடையாது. ஐபிஎம் ஆள் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துப் பார்த்துக் காய் நகர்த்தினார்.

கேரம் இதற்கு நேர் எதிர். என்ன செய்யவேண்டும் என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும், செய்யத்தான் வராது. கையும் கண்ணும்தான் இங்கே ஆட்டம்.

ஸ்ட்ரைக்கரை நேராக அடிப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் ஒரு பேப்பரை நீட்டிக் கணக்குப் போடச் சொல்வேன். ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.1 செ.மீ., காயின் விட்டம் 3.1 செ.மீ. இரண்டும் தொடும்போது மையத்துக்கு மையம் 3.6 செ.மீ. காய் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது, நீங்கள் ஒரே ஒரு டிகிரி தப்பாக அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஸ்ட்ரைக்கர் காயிடம் போய்ச் சேரும்போது அரை செ.மீ. விலகியிருக்கும். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் காய் கிளம்பும் திசையைத் தீர்மானிப்பது அந்த இரண்டு மையங்களையும் சேர்க்கும் கோடு. 3.6-இல் 0.5 விலகினால் அந்தக் கோடு எட்டு டிகிரி சாய்ந்துவிடும். உங்கள் ஒரு டிகிரித் தப்பை காய் எட்டு டிகிரியாகப் பெருக்கிக்கொண்டு ஓடுகிறது. குழி இன்னும் 25 செ.மீ. தூரத்தில் இருந்தால் காய் மூன்றரை செ.மீ. தள்ளிப் போய்க் கட்டையில் முட்டும். குழியின் மொத்த அகலமே 4.45 செ.மீ.தான்.

திருப்பிக் கணக்குப் போட்டால், இந்த மாதிரி ஒரு சாதாரண அடிக்கே அரை டிகிரிக்குள் துல்லியம் வேண்டும். இதில் நாம் தப்புச் செய்யும் இடங்கள் மூன்று: காய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது, ஸ்ட்ரைக்கரை எங்கே வைக்கிறோம் என்பது, எந்தக் கோணத்தில் தள்ளுகிறோம் என்பது. மூன்றும் அந்த அரை டிகிரியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு புரிவதற்கு முன் நான் செய்த முதல் இரண்டு இயந்திரங்களும் குப்பைக்குப் போயின.

இன்னொன்றும் உண்டு. ஸ்ட்ரைக்கரின் விளிம்பு காயின் விளிம்பை உரசுவதால், காய் மையக்கோட்டில் சுத்தமாகப் போகாது, ஸ்ட்ரைக்கர் போய்க்கொண்டிருந்த திசைப் பக்கமாகக் கொஞ்சம் இழுபடும். மெல்லிய கட் (காயின் ஓரத்தில் பட்டும் படாமலும் அடிப்பது) அடிப்பவர்களுக்கு இது விரலிலேயே தெரியும். ரோபோவுக்கு நாம் அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும்.

கேமரா எந்த அளவுக்குச் சரியாகப் பார்க்கும்?

போர்டின் ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம். சாதாரண வெப்கேமில் உயரத்துக்கு 1080 புள்ளிகள். ஒரு புள்ளி என்பது சுமார் 0.7 மி.மீ. காய் ஒரு வட்டம் என்பதால் அதன் விளிம்பில் நூற்றுக்கும் மேல் புள்ளிகள் கிடைக்கும், அத்தனைக்கும் சேர்த்து ஒரு வட்டம் பொருத்தினால் மையம் ஒரு புள்ளியைவிடத் துல்லியமாக வந்துவிடும். ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பில் இதற்கெல்லாம் தயார் வழிகள் இருக்கின்றன. லென்ஸின் வளைவைச் சரிசெய்ய சதுரங்கக் கட்டம் அச்சடித்த தாளைக் காட்டி அளவெடுக்கும் வழக்கமான முறையே போதும்.

நான் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டது வேறு ஒரு விஷயத்துக்கு. போர்டின் நடுவில் இருக்கும் காய்களெல்லாம் விழுகின்றன, மூலைப் பக்கம் போகப் போக ஒன்றும் விழவில்லை. மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், பெல்ட்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் காயின் உயரம்! காய் ஒரு தாளில் வரைந்த வட்டமில்லை, அது கிட்டத்தட்ட 8 மி.மீ. தடிமன். கேமரா ஒரு மீட்டர் உயரத்தில் நடுவில் தொங்குகிறது, காய் நடுவிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், காயின் மேல்முகம் படத்தில் மூன்றரை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளித் தெரியும். அது போதும் அடி வீணாக. போர்டின் தளத்துக்குப் பதிலாக, 8 மி.மீ. மேலே இருக்கும் கற்பனைத் தளத்துக்கு அளவுகளைச் சரிசெய்த அன்றைக்கே மூலைக் காய்கள் விழ ஆரம்பித்தன. வேறு எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கேமராவைக் கூரையில் மாட்டாதீர்கள். மின்விசிறி ஓடினால் ஆடும், யாராவது போர்டை இடித்தால் அளவெல்லாம் போச்சு. போர்டோடு சேர்த்தே ஒரு சட்டம் அடித்து அதில் மாட்டினால் எல்லாம் ஒன்றாக நகரும்.

வெள்ளைக் காயும் போர்டும் ஒரே நிறமாகத் தெரிகின்றனவே?

ஆமாம். ரெட் பிரச்சினையே இல்லை, கறுப்பு பரவாயில்லை (போர்டில் வரைந்த கறுப்பு அம்புக்குறிகள் எப்போதாவது குழப்பும்). வெள்ளைதான் தொல்லை. வார்னிஷ் பூசிய மஞ்சள் பலகையில் மேல் விளக்கு பளிச்சென்று விழுந்தால் அங்கே இருக்கும் வெள்ளைக் காய் காணாமலே போய்விடும். காலிப் போர்டை முதலில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறுபட்ட இடங்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கை நேர் மேலே வைக்காமல் நாலு பக்கத்திலிருந்தும் எல்இடி பட்டை போட்டால் இன்னும் நல்லது. சாதாரண டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும், படத்தில் பட்டை பட்டையாக வரும். கேமராவின் ஒளி வாங்கும் நேரத்தை 10 மில்லி நொடியாகவோ அதன் மடங்காகவோ வைத்தால் அது போய்விடும்.

அடிக்கும் கைக்கு என்ன பயன்படுத்தலாம்? சோலினாய்டு (கம்பியை இழுத்து இடிக்கும் மின்காந்தச் சுருள்) போதாதா?

எல்லாரும் முதலில் சோலினாய்டைத்தான் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன். மின்சாரம் கொடுத்தால் டக்கென்று இடிக்கும், பார்க்க அழகாக இருக்கும். முதல் பத்து அடி பிரமாதம். அப்புறம் சுருள் சூடாகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 40 டிகிரி சூடானால் 16 சதவீதம். மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும், இழுக்கும் விசை மின்னோட்டத்தைவிட வேகமாகக் குறையும் என்பதால் கிட்டத்தட்டக் கால்வாசி பலம் காணாமல் போகிறது. மூன்றாவது ஆட்டத்தில் ரோபோ சோர்ந்து போனதாக என் தங்கை பையன் சொன்னான், உண்மையில் அதுதான் நடந்தது.

ஸ்பிரிங் சோர்வதில்லை. ஒரு ஸ்டெப்பர் மோட்டார் (சின்னச் சின்னப் படியாகத் திரும்பும் மோட்டார்) ஸ்பிரிங்கை வேண்டிய அளவுக்குப் பின்னால் இழுக்கும், ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும், கொக்கியை விட்டால் அடி. எவ்வளவு இழுக்கிறோமோ அதற்கேற்ற வேகம். ஸ்பிரிங் தள்ளும் மரத்துண்டின் முனையில் கனமான ரப்பர் ஒட்டினால் சத்தமும் குறையும்.

திசைக்கு விலை குறைந்த சின்ன சர்வோ மோட்டாரை மட்டும் போடாதீர்கள், அதற்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி தளர்வு உண்டு, மேலே போட்ட கணக்கில் அது எட்டு டிகிரி. நீமா 17 ஸ்டெப்பரை ஐந்துக்கு ஒன்று என்று பெல்ட்டில் குறைத்து ஓட்டினால் மோட்டாரின் ஒரு முழுப் படி 0.36 டிகிரி, அதையும் பதினாறாகப் பிரித்தால் தேவைக்கு மேலேயே கிடைக்கும். கோட்டின் மேல் நகர்வதற்கும் அதே மோட்டார், 3டி பிரிண்டரில் வரும் ஜிடி2 பெல்ட். அது ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை.

ஆபத்து இல்லையா? குழந்தைகள் கை வைப்பார்களே?

இருக்கிறது. 2022 ஜூலையில் மாஸ்கோவில் ஒரு செஸ் போட்டியில், ரோபோ தன் நகர்த்தலை முடிப்பதற்குள் ஏழு வயதுப் பையன் அவசரப்பட்டுக் கையை நீட்ட, அது விரலைப் பிடித்து அழுத்தி எலும்பு முறிந்தது. அந்தக் கைக்குத் தான் பிடித்திருப்பது காயா விரலா என்று தெரியாது. என்னுடையது அத்தனை பலசாலி கிடையாது, ஆனாலும் விட்ட ஸ்பிரிங் நகத்தில் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும்.

என் முதல் கொக்கி ஒரு மின்காந்தம். மின்சாரம் இருக்கும்வரை பிடித்திருக்கும், நிறுத்தினால் விடும். சுலபமாக இருந்தது. ஒருநாள் சாயங்காலம் ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது, இருட்டில் ஸ்பிரிங் தானாகச் சுட்டு, ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டி டம்ளரில் மோதியது. சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்தினாலும் அதேதான் நடந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது கொக்கி இரும்பு, அதை இழுத்து விடுவது ஒரு சின்ன மோட்டார். கரண்ட் போனால் பிடித்தபடியே நிற்கும். தவிர, அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால்தான் ஸ்பிரிங்கை இழுக்கிறது. படத்தில் காயோ ஸ்ட்ரைக்கரோ அல்லாத எதுவும் போர்டுக்குள் தெரிந்தால் நின்றுவிடும்.

எந்தக் காயை அடிப்பது என்று எப்படி முடிவு செய்கிறது?

தன் காய் ஒவ்வொன்றுக்கும் நாலு குழி. குழியிலிருந்து காய் வழியாக ஒரு கோடு இழுத்து, காய்க்குப் பின்னால் 3.6 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வைத்தால், ஸ்ட்ரைக்கரின் மையம் வந்து சேரவேண்டிய இடம் அதுதான். அங்கே போய்ச் சேர, அடிக்கும் கோட்டில் எங்கிருந்தெல்லாம் வழி இருக்கிறது, நடுவில் வேறு காய் மறிக்கிறதா, கட் ரொம்பக் கூர்மையா என்று பார்த்து ஆகாததைக் கழித்தால் பத்து இருபது அடிகள் மிஞ்சும்.

அதன் பிறகுதான் விஷயமே. ஒவ்வோர் அடியையும் கணினிக்குள் 200 முறை அடித்துப் பார்க்கிறது, ஒவ்வொரு முறையும் கோணத்திலும் இடத்திலும் வேகத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தப்பைக் கலந்து. எத்தனை கலக்கவேண்டும்? ரோபோ நிஜமாகச் செய்யும் தப்பு எவ்வளவோ அவ்வளவு, அதை அளந்து வைத்திருக்கிறேன். 200-இல் அதிகமாக விழுந்த அடியைத் தேர்ந்தெடுக்கும், ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்த முறைகளுக்குக் கழிவு உண்டு. தன் கை எவ்வளவு மோசம் என்று தெரிந்து ஆடுவதால்தான் ஓரளவு ஆடுகிறது. தன்னைத் துல்லியமானவன் என்று நம்பிய பழைய நிரல், எட்டாத கட்டுக்கெல்லாம் ஆசைப்பட்டு மைனஸ் வாங்கிக்கொண்டிருந்தது.

செயற்கை நுண்ணறிவு எங்கே?

இல்லை. பள்ளிக்கூட வடிவியல், கொஞ்சம் இயற்பியல், பைத்தான். கேட்பவர்கள் முகம் வாடிவிடுகிறது.

மழைக்காலத்தில் ஆட்டம் மாறுமே, ரோபோவுக்கு அது தெரியுமா?

நல்ல கேள்வி, கேரம் ஆடுபவர்கள் மட்டும்தான் இதைக் கேட்கிறார்கள். ஐப்பசியில் போர்டு ஈரம் குடித்து, போரிக் பவுடர் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். நேற்று 60 செ.மீ. ஓடிய அடி இன்று 45-இல் நிற்கும். அதனால் ஆட்டம் தொடங்குமுன் காலிப் போர்டில் மூன்று அளவு அடி. ஒரே இழுப்பு, எதிர்க் கட்டையைத் தொடாத மெல்லிய அடி, எங்கே நிற்கிறது என்று படம். அதிலிருந்து உராய்வு தெரிந்துவிடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஓடும் தூரம் நாலு மடங்காகும் என்ற கணக்கு போதும், மற்ற அடிகளுக்கு அதிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். ஸ்ட்ரைக்கர் ஓடும்போதே படம் எடுத்து வேகத்தை அளக்கலாமே என்று முயன்றேன். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு மூன்று மீட்டர் ஓடும் ஸ்ட்ரைக்கர் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 10 செ.மீ. தாவிவிடுகிறது. விட்டுவிட்டேன்.

பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டத்திலும் இதே தலைவலி உண்டு, தரை ஒவ்வொரு கல்லுக்கும் மாறும். கொரியா பல்கலைக்கழகத்தினர் செய்த கர்லி என்ற ரோபோ, முந்தைய கல் எங்கே போய் நின்றது என்று பார்த்து அடுத்த எறிதலைத் திருத்திக்கொண்டு, தேர்ந்த கொரிய அணிகளோடு ஆடிய நாலு ஆட்டங்களில் மூன்றை வென்றது. 2020-இல் அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. பவுடர் நமக்குப் பனி.

யாரை ஜெயிக்கும்?

எப்போதாவது ஆடுபவர்களை ஜெயிக்கும். கிளப்பில் ஆடியவர்களிடம் தோற்கும். கூகுள் டீப்மைண்ட் 2024-இல் காட்டிய டேபிள் டென்னிஸ் ரோபோவே 29 பேரோடு ஆடி 13 பேரைத்தான் வென்றது. புதிதாக ஆடுபவர்கள் எல்லாரும் அதனிடம் தோற்றார்கள், நன்றாக ஆடுபவர்கள் எல்லாரிடமும் அது தோற்றது. அவர்களுக்கே அப்படி என்றால் என் ஸ்பிரிங்குக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கேரம் உலக சாம்பியனாக இருந்த நம் ஊர் மரியா இருதயம், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, இவர்கள் பெயரைச் சொல்லி ‘ஜெயிக்குமா’ என்று கேட்காதீர்கள்.

எங்கள் மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு. முதல் நாள் மூன்று போர்டு தோற்றார். நான்காவதில் ஒன்றும் பேசாமல் ரோபோவின் காய்களையெல்லாம் மெல்லத் தட்டித் தட்டி, அதன் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரோபோவின் தலை பின்பக்கம் திரும்பாது, அந்தக் காய்களை எதிர்க் கட்டையில் அடித்துத் திருப்பித்தான் எடுக்கவேண்டும், அதற்குள் தப்பு இரண்டு மடங்காகிவிடும். கட்டை விரலால் பின்பக்கம் அடிக்கும் தம்பிங்கும் அதற்கு வராது. அப்புறம் ஃபேனைப் போடச் சொன்னார், பவுடர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. ‘உன் மிஷினுக்கு எதிராளி மூஞ்சியப் பாக்கத் தெரியலடா’ என்றார். அன்றிலிருந்து அவர்தான் என் சோதனைக்கூடம்.

போட்டிக்குக் கொண்டு போகலாமா?

முடியாது. சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதிப்படி ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்டவேண்டும். அந்தக் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தொடங்கியது, அதனால் அப்பீலுக்கு ரொம்பத் தூரம் போகவேண்டியதில்லை.

எவ்வளவு செலவாகும்?

கெட்டுப்போனதையெல்லாம் சேர்த்தால் எனக்கு இருபதாயிரத்துக்கு மேல் ஆனது. நீங்கள் நேராக ஸ்பிரிங்குக்குப் போனால் அதில் பாதி. மோட்டார்கள், அவற்றை ஓட்டும் டிரைவர் சர்க்யூட்டுகள், பெல்ட், அவற்றுக்குக் கட்டளை கொடுக்கும் அர்டுயினோ எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வாங்கவேண்டாம், வீட்டில் தூங்கும் பழைய லேப்டாப் போதும். காசு மிஞ்சினால் நல்ல போர்டு வாங்குங்கள். நடுவில் குழிந்த மலிவுப் பலகையில் எந்தக் கணக்கும் நிற்காது, தண்ணீர் மட்டம் வைத்து நாலு காலும் சமமா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிரல் எழுதுங்கள்.

ரெட் போட்டால் ஃபாலோ எடுக்கத் தெரியுமா?

விதி தெரியும். ஃபாலோ (ரெட்டுக்கு அடுத்து உடனே போடவேண்டிய சொந்தக் காய்) விழ நல்ல வாய்ப்பு இருந்தால்தான் ரெட்டைத் தொடச் சொல்லி எழுதியிருக்கிறேன், அதற்காக இரண்டு அடிகளைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறது, முப்பது நொடி யோசிக்கும். அந்த முப்பது நொடியில் எதிராளிகள் எழுந்து டீ போடப் போய்விடுகிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

மோட்டார் எதுவும் வாங்காதீர்கள். ஒரு கேமராவை மேலே மாட்டி, போர்டில் பத்தொன்பது காய்களைப் பரப்பி, அவற்றின் இடத்தைக் கணினி சொல்லட்டும். அதை ஸ்கேலால் அளந்து பாருங்கள். நாலு மூலையிலும் ஒரு மி.மீ.க்குள் வந்ததும் சொல்லுங்கள், ஸ்பிரிங் அளவுகளை அனுப்புகிறேன்.